கதவுப் பலகையின் மறுபக்கம்

றஊப் பூரணியை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த காலையில், அவன் மனைவி ஸுல்பிகாவின் வலது கை மூங்கில் சிம்பு வைத்துக் கட்டப்பட்டு, பழைய சேலைத் துண்டொன்றில் கழுத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் ஊற்றிக் கட்டுப்போட்ட பரிகாரியார், கையை அசைக்கவே கூடாது, அசைத்தால் எலும்பு கோணலாகப் பொருந்திவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அவள் விழுந்த நேரம் சரியில்லை. கோட்டில் வழக்குப் பார்க்கும் புரொக்டர் பாக்கியரத்தினத்தின் ஹம்பர் கார் அப்போதுதான், றஊப் கார் ஆசனம் தைக்கும் முற்றத்துக் கொட்டிலின் கீழே வந்து நின்றிருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது ஒரு கப்டனிடமிருந்து புரொக்டர் வாங்கிய கார் அது. எஞ்சின் இன்னமும் சத்தமில்லாமல் ஓடியது. உள்ளேதான் எல்லாம் கெட்டுப்போயிருந்தது. துறைமுகத்து உப்புக் காற்றும் வெயிலும் சேர்ந்து ஆசனத் தோலை வெடிக்க வைத்து, கதவுகளின் உட்புறத் தோலை ஓரங்களில் சுருட்டி, கை வைக்கும் திண்டுகளைத் தும்பு தெரியக் கிழித்துவிட்டிருந்தன. ஆவணியில் புரொக்டரின் மகளுக்குக் கலியாணம். பொம்பிளை மாப்பிள்ளை ஊர்வலம் போவது இந்தக் காரில்தான் என்று முடிவாகியிருந்தது. கொழும்பிலிருந்து கருஞ்சிவப்புத் தோல் சுருள் சுருளாக வந்து இறங்கியிருந்தது. குஷன் வேலை செய்கிறவனுக்கு அப்படியொரு தோலைத் தொட்டு வெட்டும் வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை.

ஆசனங்களை றஊப் தனியாகவே மெஷினில் தைத்துவிடுவான். கதவுகள்தான் ஓராளால் ஆகாத வேலை. கதவின் உட்புறத்துக்கு ஒரு தடித்த பலகை. அதன்மேல் தும்பு பரப்பி, தோலை இழுத்துப் போர்த்தி, கைத்திண்டைச் சுற்றிப் பலகையோடு சேர்த்துத் தைக்கவேண்டும். பலகையை நிமிர்த்தி நிறுத்தி, இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார வேண்டும். ஒருவர் ஊசியைத் துளைக்குள் தள்ள மற்றவர் இழுத்து அடுத்த துளையால் திருப்பி அனுப்புவார். நூல் இரண்டு பக்கமும் ஒரே இறுக்கத்தில் இருக்கவேண்டும். ஒரு கை கூடுதலாக இழுத்தால் தோல் சுருங்கும், ஒரு கை விட்டுக்கொடுத்தால் தொய்யும்.

கலியாணம் முடித்த காலத்திலிருந்து தோல் தெரியும் அந்த முன்பக்கம் ஸுல்பிகாவின் இடம். றஊப் பின்பக்கம் இருப்பான். அவன் வாய் திறக்காத மனிதன். சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் சொல்லமாட்டான், உறவுக்காரர் வந்தால் இரண்டு வார்த்தையோடு எழுந்து போய்விடுவான். ஆனால் நடுவில் ஒரு பலகை நின்றுவிட்டால் போதும், எங்கிருந்தோ அவனுக்குப் பேச்சு வந்துவிடும். முகம் தெரியாது, துளையால் வந்து போகிற ஊசியும் விரல் நுனியும் மட்டும்தான் தெரியும். அப்படி இருக்கும்போதுதான் அவன் தன் உம்மா மௌத்தான நாளைப் பற்றிச் சொன்னான். கிண்ணியாவில் கூடப்பிறந்த மூத்த காக்காமாரோடு காணிப் பிரச்சினை வந்தபோது உள்ளுக்குள் பட்ட பயத்தைச் சொன்னான். மூத்த பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது பள்ளிவாசலில் இருந்து அழுததைச் சொன்னான். ஸுல்பிகாவுக்குத் தெரிந்த றஊப் பெரும்பாலும் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல்தான்.

கை முறிந்த பிறகு இரண்டொரு நாள் அவன் கதவுப் பலகைகளைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு ஆசனங்களோடு மினைக்கெட்டான். பிறகு ஒரு மத்தியானம் கேட்டான்.

"டொக்யாட்டில கப்பல்பாய் தைச்ச சின்னராசாட மகள் ஒருத்தி இருக்காவாம். இப்ப வீட்டில இருந்து லொறிக்கு மூடுற படங்கு தைக்கிறாவாம். கதவு நாலும் முடியுமட்டும் கூப்பிடட்டா?"

"கூப்பிடுங்க" என்றாள் ஸுல்பிகா. "எனக்காக வேலை நிக்க ஏலாதே."

அப்படித் தன் வாயாலேயே சொன்னதைப் பிறகு அவள் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

பூரணியைக் கண்டதும் அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. முப்பது தாண்டிய, எலும்பு தெரியும் நெடிய பெண். முகத்தில் அம்மைத் தழும்பு. கலியாணம் சரிவரவில்லை, அண்ணன் வீட்டில் இருந்தாள். கிளிவெட்டியிலிருந்து வந்து டொக்யாட்டில் வேலைக்குச் சேர்ந்த தகப்பன், வெள்ளைக்காரன் போனதும் வேலை போய், வீட்டில் இருந்தபடி வள்ளங்களுக்குப் பாய் தைத்திருக்கிறார். கை தளர்ந்த காலத்தில் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பூரணி ஒரு துணிப்பையிலிருந்து உள்ளங்கையில் மாட்டும் தோல்பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஊசியைத் தள்ளும் இடத்தில் அதற்குள் ஓர் இரும்புத் தகடு பதித்திருந்தது.

"கை நோகுதோ அக்கா?" என்று கேட்டாள்.

"இப்ப பரவாயில்ல."

"எங்கட அப்பாவுக்கும் ஒருக்கா உடைஞ்சது. பொருந்தினாப் பிறகு நல்லெண்ணெய் பூசி வெயில்ல வையுங்கோ."

நல்ல பெண் என்று ஸுல்பிகா நினைத்தாள். இடது கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பிறகு கொட்டிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தான் வழக்கமாக விரித்திருக்கும் சாக்கில் பூரணி கால் மடக்கி உட்கார்வதைக் கண்டபோது ஸுல்பிகாவின் நெஞ்சுக்குள் என்னவோ சுருக்கென்றது. அதைக் கைநோவு என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

அன்று முழுவதும் கொட்டிலிலிருந்து குத்தூசி தட்டும் சத்தம் மட்டுமே கேட்டது. இருட்ட முன்னர் பூரணி போனதும் ஸுல்பிகா போய்ப் பார்த்தாள். கருஞ்சிவப்புத் தோலில் தையல் ஒரே அளவில், ஒரே சரிவில், அரிசி அடுக்கியதுபோல ஓடியிருந்தது. தடவிப் பார்த்தாள். விரலில் எங்கும் தட்டவில்லை.

"நல்ல கை" என்றான் பின்னால் நின்ற றஊப்.

இத்தனை காலத்தில் அவளுடைய தையலைப் பார்த்து அவன் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லை என்று இருவருக்கும் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள்.

"ஓம், நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அடுத்த நாள் குசினிக்குள் இருந்தபடி காதைக் கொடுத்தாள். ஒரு குரலும் இல்லை. மறுநாள் றஊப்பின் குரல் ஒருமுறை கேட்டது. நூலுக்கு இன்னும் மெழுகு பூசச் சொன்னான். அதற்கடுத்த நாள் அவன் என்னவோ சொல்ல, பூரணி மெல்லச் சிரித்தாள். ஸுல்பிகா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரோடு அரிசியும் போவதைச் சற்றுப் பிந்தித்தான் கவனித்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் கொட்டிலில் நூறு வேலை இருந்தது. தேத்தண்ணி கொண்டு போனாள். கோப்பையை எடுக்கப் போனாள். தும்பு நனைந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள். போகும்போதெல்லாம் இருவரும் பலகைக்கு இரண்டு பக்கமும் தலை குனிந்தபடி இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்க வழியே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்கு இவ்வளவு வயிறு எரிந்திராது. ஊசி இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போனது. அவளோடு தைக்கும்போது இருந்ததைவிட வேகமாகப் போனது. நூல் எங்கேயும் நின்று யோசிக்கவில்லை. முதல் நாளில் 'தங்கச்சி' என்று கூப்பிட்டவன் இப்போது 'பூரணி' என்கிறான் என்பதையும் அவள் கவனித்தாள். பூரணி அவனை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றே கூப்பிட்டாள். அந்த வார்த்தையில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. பிடிக்க ஒன்றுமில்லாததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

இராத்திரிச் சாப்பாட்டில் அவன் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. முன்பெல்லாம் அந்த மௌனம் அவளை ஒன்றும் செய்ததில்லை. இப்போது அவன் ஒவ்வொரு கவளத்தையும் மெல்லும்போதும், பகலில் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டு வந்து வெறுமையாக உட்கார்ந்திருக்கிறான் என்று பட்டது.

மூன்றாவது கதவு தொடங்கிய அன்று, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு, அவள் கொட்டிலின் ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையால் பிழிந்த சட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. தட்டிக்கு அந்தப் பக்கம் பூரணி கேட்டாள்.

"நானா எப்பிடி இந்த வேலைக்கு வந்தனீங்கள்? கிண்ணியாவில எல்லாரும் வயல், கடல் எண்டுதானே?"

ஊசி இரண்டு தரம் போய் வந்தது. பிறகு றஊப் சொல்லத் தொடங்கினான்.

அவனுக்கு அப்போது ஏழு எட்டு வயது இருக்கும். கிண்ணியாத் துறையில் பாதைக்காகக் கார்கள் காத்து நிற்கும். கார்களை ஏற்றிக் கடக்கும், பாதை என்ற அந்தத் தட்டைப் படகைப் பார்க்கவே பொடியன்கள் போவார்களாம். ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவனின் கார் நின்றது. அதிகாரி இறங்கித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க, டிரைவர் சுருட்டுப் பற்ற வைக்கப் போக, றஊப் பின்கதவால் உள்ளே ஏறிவிட்டான். அதற்குள் ஒரு வாசம். மாட்டு வாசமும் இல்லை, செருப்பு வாசமும் இல்லை. ஆசனத்தில் முகத்தை வைத்து மணந்துகொண்டே கிடந்தவன் அப்படியே நித்திரையாகிவிட்டான். கண் விழித்தபோது பாதை கடந்து, கார் சீனக்குடா தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"பிறகு?"

"பிறகென்ன, அழுத நான். டிரைவர் பிஸ்கட் தந்து திருப்பிக் கொண்டுவந்து விட்டாரு. அண்டைக்கு முடிவெடுத்தன், அந்த வாசத்துக்குப் பக்கத்திலயே இருக்கோணுமெண்டு."

பூரணி சிரித்தாள். அவனும் சிரித்தான். ஸுல்பிகா பிழிந்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் மாமா ஒருவர் கொழும்பில் குஷன் கடை வைத்திருந்ததால் அங்கே அனுப்பித் தொழில் பழக்கினார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த கதை. கலியாணம் பேசும்போது சொன்ன கதை. இந்தப் பொடியனை அவள் இதுவரை கண்டதில்லை. காருக்குள் முகம் புதைத்துக் கிடந்த ஏழு வயதுப் பொடியனை அவள் வீட்டுக் கொட்டிலில், அவள் சாக்கில் உட்கார்ந்திருந்து, வேறொருத்தி முதலில் கண்டுவிட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. றஊப் ஜும்மாவுக்குப் போனான். பூரணி மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாள். கொட்டிலில் மூன்றாவது கதவின் பலகை நிமிர்ந்து நின்றது. திண்டைச் சுற்றிய தையல் பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

ஸுல்பிகா கத்தரிக்கோலை இடது கையில் எடுத்தாள். மூன்று தையலுக்கு ஒன்றாக வெட்டினாள். பலகையை முழங்காலால் தாங்கிக்கொண்டு பின்பக்கத்துக்குப் போய் நூலை இழுத்தாள். அது வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி முன்னே வந்து வெட்டினாள். இடது கைக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனாலும் தோலில் முனை படாமல் பார்த்துக்கொண்டாள். கோபம் தோலின்மேல் இல்லை. முடித்தபோது வியர்த்துப்போயிருந்தாள். திண்டு பலகையிலிருந்து தளர்ந்து தொங்கியது. அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் ஆறுதலாக இருந்தது. பிறகு தெருவில் தொழுகை முடிந்து வருகிறவர்களின் பேச்சுக் கேட்டது. குசினிக்குள் போய் அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

முதலில் பூரணிதான் வந்தாள். அவள் பலகைக்கு முன்னே நிற்பதை ஸுல்பிகா குசினி யன்னலால் பார்த்தாள். அவள் கூப்பிடவில்லை, சத்தம் போடவில்லை. குனிந்து கீழே கிடந்த நூல் துண்டுகளை எடுத்துப் பார்த்தாள். றஊப் வந்தபோது, "என்ர நூல்தான் பிழைச்சுப்போச்சு நானா. இருந்து திருப்பித் தைச்சுத் தாறன்" என்றாள்.

றஊப் நூல் துண்டுகளைக் கையில் வாங்கினான். நூல் விட்ட துளைகளைப் பலகையில் விரலால் எண்ணிப் பார்த்தான்.

"இண்டைக்குப் போங்க பூரணி. நாளைக்குத் தைப்பம்."

அவள் போனபிறகு அவன் குசினி வாசலுக்கு வந்தான். துண்டுகளை அம்மிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"எலி இப்பிடி அறுக்காது" என்றான். "நூல் பிழையெண்டா ஒரு இடத்தில விடும், வரிசையா விடாது. மூண்டுக்கு ஒண்டு வெட்டி மற்றப் பக்கத்தால இழுக்கிறது ஆரெண்டு எனக்குத் தெரியும். நான்தானே உனக்குப் பழக்கினது."

ஸுல்பிகா அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

"இடக்கையாலயா செஞ்ச?"

"ஓம்."

"தோலில ஒரு கீறலும் இல்ல." அவன் குரலில் கோபம்தான் இருந்தது. கூடவே வேறென்னவோவும் இருந்தது. அது என்ன என்று அவளால் சொல்ல முடியவில்லை. "என்னத்துக்கு இப்பிடிச் செஞ்ச?"

"கிண்ணியாப் பாதையில நீங்க காருக்குள்ள நித்திரையான கதைய எனக்கு ஏன் சொல்லல்ல?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் இன்னும் குழம்பியது.

"அதா? அது சின்ன வயசுக் கதை. எப்பிடி வேலைக்கு வந்ததெண்டு அவ கேட்டா, சொன்னன். நீ கேக்கல்ல."

"கேட்டாத்தான் சொல்லுவீங்களா?"

"மற்றதெல்லாம் நீ கேக்காமலே சொல்லியிருக்கன்."

"அதெல்லாம் எனக்குச் சொன்னதெண்டுதான் நெனச்சிருந்தன்." அவள் அடுப்பிலிருந்து திரும்பி அவனைப் பார்த்தாள். "பலகைக்கு அந்தப் பக்கம் ஆர் இருந்தாலும் சொல்லுவீங்களெண்டு இப்பதான் தெரியுது."

றஊப் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பதில் சொல்ல வாயெடுப்பதுபோல இருந்தது. அவர்கள் நடுவில் பலகை இல்லை, அவள் முகம் நேரே தெரிந்தது. அவனால் ஏலவில்லை. திரும்பிக் கொட்டிலுக்குப் போய்விட்டான்.

அடுத்த நாளிலிருந்து அவன் பூரணியோடு கதைப்பதை நிறுத்தினான். மெழுகு கேட்பதற்குக்கூடக் கையைத்தான் நீட்டினான். ஸுல்பிகா கேட்டது அதுவல்ல. ஆனால் கேட்டதைப்போலக் கிடைத்துவிட்டது. கிடைத்ததும் அது முந்தியதைவிட மோசமாக இருந்தது. கதைத்தபோது என்ன கதைக்கிறார்கள் என்றாவது தெரிந்தது. இப்போது கொட்டில் முழுவதும் அமைதி. மறைக்க ஏதோ இருக்கிற இருவரின் அமைதிபோல அது அவளுக்குக் கேட்டது. இல்லாததை எல்லாம் அந்த அமைதிக்குள் அவளே போட்டு நிரப்பினாள். ஊசி வந்துபோகும் துளையில் விரலும் விரலும் முட்டுமா, முட்டினால் எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரமாகும் என்றெல்லாம் யோசித்தாள். யோசித்துக்கொண்டே மீன் கருகவிட்டாள்.

ஒருநாள் றஊப் ஆணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். பூரணி கிணற்றடிக்கு வந்து கை கழுவினாள். ஸுல்பிகா ஒரு கையால் தண்ணீர் ஊற்றினாள்.

"அக்கா" என்றாள் பூரணி, கையைப் பார்த்தபடி. "தானா அறுந்த நூலெண்டால் நுனி பிஞ்சிருக்கும். கத்தரிக்கோல் பட்டால் நுனி மொட்டையா இருக்கும்."

ஸுல்பிகாவின் கையில் வாளி நின்றது.

"நான் நானாவிட்டச் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். இன்னும் ஒரு கதவுதான் கிடக்கு. அதோட போயிடுவன்."

"அவருக்குத் தெரியும்" என்றாள் ஸுல்பிகா.

பூரணி நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. களைப்பு மட்டுமே இருந்தது. "அவர் ஏன் என்னோட கோவமா இருக்கிறார் எண்டு யோசிச்சனான். இப்ப விளங்குது" என்றாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அன்று பின்னேரம் முழுவதும் ஸுல்பிகாவுக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. கேட்க வாய் வரவில்லை. பூரணி கத்தியிருந்தால், சண்டைக்கு வந்திருந்தால் கேட்டிருப்பாள். தையலிலும் தன்னைவிட மேல், பொறுமையிலும் மேல் என்று ஒருத்தி காட்டிவிட்டுப் போனால் அவளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

கலியாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது வேலை முடிந்தது. புரொக்டர் பாக்கியரத்தினம் வெள்ளைக் கால்சட்டையோடு காரைப் பார்க்க வந்தார். கதவுகள் நான்கும் திறந்து கிடந்தன. உள்ளே கருஞ்சிவப்பு மின்னியது. அவர் ஆசனத்தில் இருந்து பார்த்தார், எழுந்து பார்த்தார். பிறகு குனிந்து கதவுத் திண்டின் தையலை மூக்குக் கண்ணாடியோடு நெருங்கிப் பார்த்தார். வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் ஸுல்பிகா நின்றாள். முற்றத்து ஓரத்தில் பூரணி மிஞ்சிய நூலைக் கட்டையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"றஊப், ஆசனம் உன்ர வேலை, தெரியுது. இந்தக் கதவு ஆர் தைச்சது? மெஷின் இப்பிடித் தைக்காது."

றஊப்பின் கண் வாசல் சீலைப் பக்கம் போய் வந்தது.

"என்ட மனிசி ஐயா."

"கை உடைஞ்சதெண்டு சொன்னாய்?"

"இப்ப சுகம் ஐயா."

"நல்லது. காரை எங்கட வீட்டிலயும் ஒருக்காக் கொண்டுவந்து காட்டு. மனிசிக்கு ஒரு சேலை எடுத்துத் தரச் சொல்லுறன்."

பூரணியின் விரல்கள் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தன. அவள் தலையைத் தூக்கவில்லை. ஸுல்பிகாவின் முகம் கொதித்தது. தன்னைச் சமாதானப்படுத்தத்தான் றஊப் அப்படிச் சொன்னான் என்று அவளுக்குத் தெரியும். அவன் கொடுத்த பரிசு அது. ஆனால் அந்தத் தையலை அவள் விரல் தடவிப் பார்த்திருக்கிறது. வெட்டியும் பார்த்திருக்கிறது. அது தன் கை இல்லை. ஊரெல்லாம் அதைப் பார்த்து ஸுல்பிகா தைத்தது என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொரு முறையும் அது தன் கை இல்லை என்று தன் உள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டிருப்பாள். பூரணியின் திறமையைத் தன் பேரில் சுமந்து திரிய அவளுடைய பொறாமை இடம் கொடுக்கவில்லை.

முக்காட்டை இழுத்துக்கொண்டு சீலையை விலக்கி வெளியே வந்தாள்.

"நானில்ல ஐயா. என்ட கை இன்னும் கட்டில இருக்கு. பூரணி தைச்சது. அந்தா இருக்கா."

புரொக்டர் றஊப்பைப் பார்த்தார், கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், கடைசியில் பூரணியைப் பார்த்தார். றஊப் காரின் கதவொன்றைத் தேவையில்லாமல் சாத்தித் திறந்தான்.

"நீர் ஆரின்ர மகள்?"

"டொக்யாட்டில பாய் தைச்ச சின்னராசா ஐயா."

"ஆ, அந்தச் சின்னராசாவோ." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உள்துறைமுகத்தில லோஞ்ச் படகு ஓடுற ஆக்களுக்கு நான்தான் புரொக்டர். வெயிலுக்கு மறைப்புத் தைக்க, ஆசனம் தைக்க ஆள் இல்லாமல் கொழும்புக்கு அனுப்புறாங்கள். நாளைக்கு வந்து என்னைக் காணும். கதைச்சு விடுறன்."

பூரணி எழுந்து நின்று "ஓம் ஐயா" என்றாள். போகும்போது ஸுல்பிகாவின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஸுல்பிகாவுக்குப் பிடித்திருக்காது.

எல்லோரும் போனபிறகு றஊப் கேட்டான்.

"ஏன் அப்பிடிச் சொன்ன? உனக்காகத்தானே சொன்ன நான்."

"எனக்குத் தாறதெண்டா உங்கட என்னத்தையாவது தாங்க" என்றாள் அவள். "அவட தையல எனக்குத் தராதீங்க."

கட்டவிழ்த்தபோது மணிக்கட்டு சற்றுக் கோணலாகத்தான் பொருந்தியிருந்தது. பாரமான வாளி தூக்க ஏலாது. ஆனால் ஊசி பிடிக்க முடிந்தது. அடுத்து வந்தது வைத்தியசாலை டொக்டர் ஒருவரின் சிறிய மொரிஸ் கார். இரண்டு கதவுதான். ஸுல்பிகா தன் சாக்கில் உட்கார்ந்தாள். பலகை நடுவில் நின்றது. அவள் கை பிந்தியது. அந்தப் பக்கத்தில் றஊப்பின் விரல் துளையடியில் காத்திருப்பது தெரிந்தது. அவன் அவசரப்படுத்தவில்லை. அவன் காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் மற்றவளின் வேகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவனுக்கும் வருமா என்று யோசித்தாள். யோசித்தால் கை இன்னும் பிந்தியது.

"அந்தப் பாதைக் கதையைச் சொல்லுங்க" என்றாள் திடீரென்று.

"நீதான் அண்டைக்கே கேட்டிட்டியே."

"எனக்குச் சொல்லல்ல."

அவன் நூலை இழுத்து இறுக்கினான். பிறகு சொன்னான். கார், தண்ணீர், சுருட்டு, வாசம், சீனக்குடா. எல்லாம் அவள் தட்டிக்குப் பின்னால் நின்று கேட்டபடியேதான் வந்தது. பிஸ்கட் மட்டும் வரவில்லை.

"டிரைவர் கன்னத்தில அறைஞ்சான்" என்றான் றஊப். "கள்ளப் பயலெண்டு சொல்லி நடுரோட்டில இறக்கி விட்டுட்டான். அந்தியாகுமட்டும் நடந்து வந்த நான்."

ஸுல்பிகாவின் ஊசி நின்றது. "பிஸ்கட் தந்தாரெண்டு சொன்னீங்க?"

"அவவுக்கு அப்பிடிச் சொன்னன். அடி வாங்கினத ஆரிட்டச் சொல்ற?"

அவள் ஊசியைத் திருப்பி அனுப்பினாள். அன்று முழுவதும் அவளுக்குச் சாப்பாடு ருசித்தது, பிள்ளைகளை ஏசவில்லை. சில நாள் கழிந்ததும், அடி வாங்கியதையும் இன்னொரு நாளில் பூரணிக்குச் சொல்லியிருப்பானோ, தான் அப்போது கடைக்கோ எங்கோ போயிருந்திருப்பேனோ என்று ஒரு எண்ணம் தலை தூக்கியது. அதை அவள் கேட்கவில்லை. கேட்டு என்ன பதில் வந்தாலும் அது போகாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

மாரி தொடங்குவதற்கு முன் ஒருநாள் பெரியகடை மீன் சந்தையில் பூரணியைக் கண்டாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கையில் மணிக்கூடு கட்டியிருந்தாள். லோஞ்ச் ஆட்களின் தையல் வேலைக்கு அவளுக்குக் கீழே இரண்டு பெண்கள் இருக்கிறார்களாம்.

"கை எப்பிடி அக்கா?"

"தைக்கிறன்."

"நானா சுகமோ?"

"சுகம்" என்றாள் ஸுல்பிகா. பிறகு, தானும் எதிர்பாராமல், "உங்கட தையல் நல்ல தையல்" என்றாள். பூரணி சிரித்தாள். அம்மைத் தழும்புகளோடு அந்தச் சிரிப்பு அழகாகத்தான் இருந்தது. இதுவரை அதைச் சரியாகப் பார்க்கவில்லை என்று ஸுல்பிகாவுக்குத் தோன்றியது. பார்த்திருந்தால் முதல் நாள் அப்படி நிம்மதிப்பட்டிருக்கமாட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது றஊப் ஒரு வானின் ஆசனத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். வாயில் நாலைந்து ஆணி. ஸுல்பிகா மீன் பையோடு கொட்டில் வாசலில் நின்றாள்.

"பூரணியைச் சந்தையில கண்ட நான்."

"ம். என்னவாம்?"

"உங்களைச் சுகம் கேட்டா."

"ஓ."

அவன் வாயிலிருந்து இன்னோர் ஆணியை எடுத்து ஓரத்தில் வைத்தான். அந்தப் பேரைக் கேட்ட கை பிசகுமா என்று, சுத்தியல் எழுவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆணி நேராக இறங்கியது. அடுத்ததும் நேராகத்தான் இறங்கியது. மூன்றாவதையும் பார்த்துவிட்டுத்தான் அவள் மீனை வெட்டக் குசினிக்குள் போனாள்.